பழங்கணக்கைச் செவ்வை செய்தல்

(திருவண்ணாமலையில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)

    

நமது சங்கக் கூட்டங்களிலே கல்வி நிதியைப் பற்றியும், விவாகச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும், சத்திர பரிபாலனத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றினின்றும் சிறிது வேறுபட்டதாகத் தோன்றலாம். கடைக்கும் ஆலைக்கும் கம்பெனிக்கும் புதிய கணினிக் கணக்கு முறையை ஏற்படுத்துமுன் பழைய கணக்குகளை எவ்வாறு செவ்வைப்படுத்திக்கொள்வது என்பதே அவ்விஷயம். இதைக் கணக்கப்பிள்ளைகளின் காரியம் என்று ஒதுக்கிவிடலாகாது. நம்மவருடைய முதலும், நாணயமும், தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் சொத்தும் இதிலே அடங்கியிருக்கின்றன.

இக்காலத்தில் நடப்பது யாவரும் அறிந்ததே. மென்பொருள் விற்கும் கம்பெனியார் வருகின்றனர்; திரையிலே அழகான படங்களைக் காட்டுகின்றனர்; சரக்கு, விற்பனை, சம்பளம், வரி ஆகிய யாவும் ஒரே இடத்தில் கூடும் என்கின்றனர். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையே. ஆனால் பத்துப் பதினைந்து வருஷங்களாகச் சேர்ந்து கிடக்கும் பழைய கணக்கு அப்புதிய பெட்டிக்குள் எந்நிலையிற் புகப்போகிறது என்பதை அவர்களும் விரித்துச் சொல்வதில்லை, நம்மவரும் கேட்பதில்லை. குப்பை நிறைந்த வீட்டிலிருந்து புது வீடு புகுவோன் குப்பையையும் வண்டியேற்றிச் சென்றால், புது வீட்டினால் அவனுக்கு யாது பயன்?

இக்காரியம் நம் நாட்டுக்குப் புதிதன்று. அரியலூர் ஜில்லாவிலே கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி என்னும் ஸ்தலம் உள்ளது. முதலாம் இராஜராஜ சோழன் தனது 28-ஆவது ஆட்சியாண்டிலே, அதாவது 1013-ஐ ஒட்டி, அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி ஆணையிட்டான். கற்சுவரிலேயோ முன்னோர் விட்ட தானங்களும் தர்மங்களும் பொறிக்கப்பட்டிருந்தன. சுவரை இடித்தால் அச்சாசனங்கள் அழிந்துபோம். ஆகவே, இடிக்குமுன் அவற்றையெல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும்படி உத்தரவாயிற்று. பின்னர் அவன் குமாரன் முதலாம் இராஜேந்திரனின் 14-ஆவது ஆட்சியாண்டிலே, அப்புத்தகத்தைப் பார்த்துச் சாசனங்கள் புதிய கல்லில் மீண்டும் வெட்டப்பட்டன. இவ்வரலாற்றை அக்கோயிற் கல்வெட்டே கூறுகின்றது.

இதிலே கவனிக்கத்தக்கவை மூன்று. பழையதை இடிக்குமுன் பிரதி எடுத்தனர். இடைப்பட்ட காலமாகிய ஏறக்குறைய பதின்மூன்று வருஷமும் அப்பிரதியைக் காத்தனர். புதியது எழுந்தபின் பார்த்துப் பொறித்தனர். புதிய விமானத்தின் அழகில் மயங்கி, விளக்குக்கு ஆடு விட்டவன் பெயரை அவர்கள் மறந்துவிடவில்லை. நமது அண்ணாமலையார் ஆலயத்துச் சுவர்களிலும் சோழர் காலமுதல் எத்தனையோ தானங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படித்தால் எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, கொடுத்தவர் யார், கொடுத்தது யாது, அதனால் நடைபெறவேண்டிய தர்மம் எது என்பன தெளிவாய் விளங்கும். கணக்கின் லக்ஷணம் அதுவே.

நம் முன்னோர் சிட்டையும் நாளேடும் பேரேடும் வைத்து, ஆண்டுக்கொருமுறை ஐந்தொகை எடுத்தனர். பின்பு கணினி வந்தது. 1986-ஆம் வருஷத்தில் பெங்களூரில் கோயங்காக்கள் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த டேலி என்னும் மென்பொருள் நாளடைவில் நம் மண்டிகளிலும் கடைகளிலும் புகுந்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வரி அமலுக்கு வந்தபோது, அதுவரையில் காகிதத்தையே நம்பியிருந்த சிறு வியாபாரிகளும் கணினிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இப்பொழுது ஈ.ஆர்.பி. என்று வழங்கும் பெரிய முறைகளைச் சிற்றாலைகளும் நாடுகின்றன. பழைய முறைகளிலே ஒரு பிழை ஓரேட்டோடு நின்றுவிடும். ஈ.ஆர்.பி.யிலோ கொள்முதல், கிடங்கு, விலைச்சீட்டு, வரிக்கணக்கு ஆகிய யாவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், ஓரிடத்துப் பிழை எல்லா இடங்களிலும் பரவும். ஆதலின் முன்னேற்பாடு மிகவும் அவசியம்.

முதலாவது செய்யவேண்டியது, எதைக் கொண்டுசெல்வது, எதை விட்டுச்செல்வது என்று தீர்மானித்தல். எல்லா வருஷத்துச் சீட்டுகளையும் புதிய முறைக்குள் ஏற்றவேண்டும் என்பது பலருடைய ஆசை. அது வீண் செலவு. பிழைக்கும் இடம் தரும். வாடிக்கையாளர், கொள்முதல்காரர், சரக்கு இவற்றின் பட்டியல்கள், தீராத சீட்டுகள், கணக்குகளின் இருப்பு, கிடங்கின் கையிருப்பு ஆகிய இவையே பெரும்பாலும் போதும். மற்றவை பழைய முறையிலேயே வாசிக்கத்தக்க நிலையில் இருக்கலாம். ஆனால் அவற்றை அழித்துவிடலாகாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஒரு வருஷத்துக் கணக்கை அவ்வருஷத்து ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் காத்து வைக்கவேண்டும். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டமோ எட்டு நிதியாண்டுகளின் கணக்கைக் காக்கச் சொல்லுகின்றது. ஆகையால் பழைய கணினியைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துப் போடுவது கூடாது. பழைய கணக்கின் பிரதிகளை வெவ்வேறிடங்களில் வைப்பதும், பேரேட்டையும் ஐந்தொகையையும் அச்சிட்டுக் கட்டிவைப்பதும் நலம்.

செவ்வை செய்வதைப் பின்னைக்கு விடாமல் முன்னமே செய்யவேண்டியதற்குக் கம்பெனிகளுக்கு மற்றொரு காரணமும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்கவேண்டும் என்றும், அப்பதிவை நிறுத்திவைக்க இடமிருத்தலாகாது என்றும் விதி உள்ளது. புதிய புத்தகத்திலே பின்னர் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தழும்பாய் நிற்கும். தணிக்கையாளர் கேள்விக்கும் விடை சொல்லவேண்டிவரும். தழும்பின்றித் தொடங்க விரும்புவோர் முன்னமே துடைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஒருவருக்கு ஒரே பெயர். முருகன் ஸ்டோர்ஸ் என்று ஓரிடத்திலும், ஆரணி முருகன் என்று வேறிடத்திலும், முருகன் கடை புதுசு என்று மற்றோரிடத்திலும் ஒருவரே மூவராய் எழுதப்பட்டிருப்பார். முதற்கணக்கிலே பாக்கி நிற்கும். மூன்றாங்கணக்கிலே அவர் செலுத்திய பணம் வரவாய் நிற்கும். பாக்கி கேட்டு ஆள் அனுப்பினால் அவர் மனம் புண்படும், வியாபாரமும் கெடும். இதைக் கண்டுபிடிக்க ஜி.எஸ்.டி. எண் நல்ல துணையாகும். அவ்வெண் பதினைந்து இலக்கங்கள் கொண்டது. முதலிரண்டும் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். கடைசி இலக்கம் மற்றவை சரியா என்று சோதிக்க வைத்தது. இரண்டு பெயர்களுக்கு ஒரே எண் இருக்குமாயின், அவை ஒரே வியாபாரம் என்று தெளியலாம். எண் இல்லாத சிறு வாடிக்கையாளருக்குத் தொலைபேசி எண்ணையும் ஊரையும் வைத்துத் தெளிய வேண்டும். ஆனால், பெயர் ஒத்திருப்பது ஒன்றையே கொண்டு இரு கணக்குகளை ஒன்றாக்கிவிடுதல் ஆகாது. இந்த ஊரிலே அருணாசலம் என்னும் பெயருடையார் எத்தனை பேர் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

பெயர்களைப் பற்றிப் பேசும்போது, சற்று மனத்தைத் தொடும் ஒன்றையும் சொல்லவேண்டும். நம்மவருடைய பழைய பேரேடுகளிலே வாடிக்கையாளரை அடையாளங் காண, அவரவர் சாதியையும், அங்கக் குறைவையும், பரிகாசப் பட்டங்களையும் சேர்த்தெழுதும் வழக்கம் இருந்தது. அது கணக்கப்பிள்ளையின் பெட்டிக்குள் இருந்தவரையில் வெளியே தெரியவில்லை. புதிய முறையிலோ கணக்கிலுள்ள பெயரே விலைச்சீட்டிலும் அச்சாகும். கைபேசிச் செய்தியிலும் போகும். காசு கொடுத்துச் சரக்கு வாங்கிய ஒருவர் தம் பெயரை அவ்வாறு கண்டால் அவர் மனம் என்ன பாடுபடும்? நமது சமூகத்தின் பெயரைப் பிறர் இழிவாய் எழுதியதைக் கேட்டு நம் முன்னோர் வருந்தியதும், மரியாதையை நாடிச் சங்கம் கூட்டியதும் நாம் மறக்கத்தக்கனவல்ல. நமக்கு வேண்டிய மரியாதை பிறருக்கும் வேண்டியதே. ஆதலின் ஒவ்வொரு பெயரையும் அவரவர் வழங்கும் முறைப்படி, தந்தை பெயர், ஊர்ப்பெயர் இவற்றோடு மட்டும் திருத்தி எழுதுவோமாக.

மூன்றாவது, சரக்கும் அளவும். மூட்டை என்றால் எத்தனை கிலோ? நெல்லுக்கு ஒன்று, மணிலாவுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. கணக்கப்பிள்ளை இதை அறிவார், கணினி அறியாது. சிப்பம் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 18 முதல், அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 25 கிலோ வரையிலும் 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. அதன்பின் 26 கிலோச் சிப்பங்கள் சந்தையில் வந்தன. பழைய பட்டியலிலே இரண்டும் ஒரே சிப்பமாய் எழுதப்பட்டிருக்குமாயின், நூறு சிப்பங்களில் நூறு கிலோ வித்தியாசம் வரும். அதனினும் மேலாக, வரியுள்ளதும் வரியற்றதும் ஒன்றாய்க் கலந்துபோம். இவ்வாறே ஒவ்வொரு சரக்குக்கும் எச்.எஸ்.என். எண் வேண்டும். 2021 ஏப்ரல் முதல், ஐந்து கோடி வரையில் வியாபாரம் உள்ளோர் நான்கு இலக்கமும், அதற்கு மேற்பட்டோர் ஆறு இலக்கமும் எழுதவேண்டும் என்று ஏற்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் பற்பல சரக்குகளின் வரி விகிதம் மாற்றப்பட்டிருப்பதால், பழைய பட்டியலின் 12 சதவீதமும் 28 சதவீதமும் அப்படியே புதிய முறைக்குள் ஏறிவிடாதபடி ஒவ்வொன்றாய்ப் பார்க்கவேண்டும்.

அளவில் வரும் பிழை அற்பமானதென்று எண்ணவேண்டா. அமெரிக்காவிலே பெரும் பல்பொருள் வியாபாரம் நடத்தும் டார்கெட் என்னும் கம்பெனி, 2013-ஆம் வருஷத்தில் கனடா தேசத்திலே கடைகளைத் திறந்தது. அங்கே புதிய ஈ.ஆர்.பி. முறையை ஏற்படுத்தி, ஆயிரக்கணக்கான சரக்குகளின் விவரங்களை அவசரம் அவசரமாய் ஏற்றினார்கள். நீள அகலங்கள் மாறின. அங்குலமும் சென்டிமீட்டரும் குழம்பின. கிடங்குகளிலே சரக்கு நிரம்பி வழிய, கடைத் தட்டுகள் வெறுமையாய் நின்றன. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாய் அறிவித்தனர். சுமார் 17,600 பேர் வேலை இழந்தனர். வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் இக்கணக்குக் குழப்பம் அவற்றுள் முக்கியமானது. கோடிகளைக் கொட்டிய கம்பெனிக்கே இக்கதியென்றால், நாம் எவ்வளவு எச்சரிக்கையாய் இருக்கவேண்டும்!

தமிழெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூனிகோடு பரவுமுன் பாமினி முதலிய பற்பல எழுத்துருக்களிலே பெயர்களை அடித்து வைத்தவர் பலர். அவை புதிய முறையிலே பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். தமிழ்நாட்டு அரசாங்கம் 2010-ஆம் வருஷத்திலே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்தை அதற்கு மாற்றும் கருவிகளும் உள. மாற்றியபின், தமிழ் நன்கறிந்த ஒருவர் முழுப்பட்டியலையும் உரக்க வாசித்துச் சரிபார்க்கவேண்டும். ழகரமும் ளகரமும் மாறினால் ஊரே மாறிவிடும்.

நான்காவது, இருப்புகளை மெய்ப்பித்தல். ஏட்டிலே ஐந்நூறு மூட்டை என்றிருந்தால், கிடங்கிலே ஐந்நூறு மூட்டை இருக்கவேண்டும். ஒரு நாள் வியாபாரத்தை நிறுத்தியேனும் எண்ணுவது அவசியம். எண்ணுவோர் ஒருவராயும், ஏட்டை வைத்திருப்போர் வேறொருவராயும் இருத்தல் நலம். பின்பு, பாக்கிதாரர் ஒவ்வொருவருக்கும் இன்ன தேதியில் இவ்வளவு தொகை நிற்கிறது என்று கடிதம் எழுதி, அவர் கையெழுத்தைப் பெறவேண்டும். இதனால் வேறு நன்மையும் உண்டு. 1963-ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டப்படி, சாதாரணமாய்ச் சரக்குக் கடனுக்கு வழக்கிடும் காலம் மூன்று வருஷம். அக்காலம் கடக்குமுன் கடனாளி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து காலம் புதிதாய்க் கணக்கிடப்படும். ஒரு கடிதத்தால் கணக்கும் தெளிகிறது, கடனும் காக்கப்படுகிறது.

இனி, பாக்கி வரவேண்டியவற்றைத் தேடுவதில் நாம் காட்டும் ஊக்கத்தை, கொடுக்கவேண்டியவற்றைத் தேடுவதிலும் காட்டுகிறோமா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேரேட்டின் பின் ஏடுகளிலே எத்தனையோ சிறு வரவுகள் நிற்கும். நெல் போட்டுவிட்டுப் பின்னால் வாங்கிக்கொள்கிறேன் என்று சென்ற விவசாயியின் பாக்கி. கணவனை இழந்த உறவுப்பெண் கடையிலே நம்பிக் கொடுத்துவைத்த பணம். வேலையை விட்டு நின்ற கூலியாளின் கடைசி வாரச் சம்பளம். சரக்கு வாங்காமற்போன ஒருவரின் முன்பணம். கேட்பார் இல்லை, சீட்டும் கிடைப்பதில்லை. புதுக்கணக்கு ஏற்றும் நாளிலே, பழையது, பயனற்றது என்று ஒரு வரியைத் தள்ளிவிட்டால் அக்கடன் சத்தமின்றி மறைந்துபோம். அதைக் கொடுத்தவர் அறியார், தணிக்கையாளரும் அறியாதிருக்கக்கூடும். திருமழபாடியிலே புத்தகம் எழுதியவன் ஒரு சாசனத்தை விட்டிருந்தாலும் கேட்பார் யார்? ஆயினும் எழுதச் சொன்ன ஆணை எல்லாவற்றையும் எழுதச் சொன்னது. அந்த நேர்மையே வாணிபத்துக்கு வேர். ஆதலால், தரவேண்டிய பாக்கி ஒவ்வொன்றையும் உரியவர் பெயரோடு புதுக்கணக்கில் ஏற்றவேண்டும். உரியவர் காலமாகியிருந்தால் அவர் வாரிசைத் தேடவேண்டும். வாரிசைத் தேடிக் கண்டுபிடிப்பதிலே சங்கம் செய்யக்கூடிய உதவி பெரிது. ஏனெனில் எந்தக் குடும்பம் எவ்வூருக்குக் குடிபெயர்ந்தது என்பதை நம் பெரியோர்களைப்போல் அறிந்தவர் வேறு யாருமிலர்.

ஐந்தாவது, நாள் குறித்தல். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 கணக்கு மாற்றத்துக்கு வசதியான நாள். மார்ச் 31-ஆம் தேதியின் முடிவிருப்பே மறுநாளின் தொடக்க இருப்பாகிவிடும். வியாபாரம் பெருகும் காலத்தில் மாற்றம் செய்தல் ஆகாது. அமெரிக்காவிலே ஹெர்ஷி என்னும் மிட்டாய்க் கம்பெனி, 1999 ஜூலையிலே புதிய முறைக்கு மாறிற்று. அக்டோபர் மாதத்து ஹாலோவீன் பண்டிகைக்கு மிட்டாய் கேட்டு வந்த உத்தரவுகளை, கிடங்கிலே சரக்கு இருந்தும், அனுப்ப முடியாமற்போயிற்று. ஏறக்குறைய பத்துக் கோடி டாலர் பெறுமான உத்தரவுகள் தடைப்பட்டன. நமக்குத் தீபாவளியும், கார்த்திகைத் தீபமும், பொங்கலும் அத்தகைய காலங்கள். தீபத்துக்கு இலக்ஷக்கணக்கான ஜனங்கள் இவ்வூரில் கூடும்போது, கடையிலே விலைச்சீட்டு வராமல் நிற்பதைப்போன்ற நஷ்டம் வேறில்லை. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வருவோரை நம்பிய கடைக்காரர், அந்நாள்களையும் தவிர்த்து நாள் குறிப்பது உசிதம்.

குறித்த நாளுக்கு முன் ஒத்திகை வேண்டும், இருமுறையேனும் வேண்டும். ஒத்திகையிலே பழைய முறையின் வாடிக்கையாளர் எண்ணிக்கையும் புதியதன் எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா, சேர்த்தும் நீக்கியும் வந்த வித்தியாசத்துக்குக் குறிப்பு உண்டா, பற்று மொத்தமும் வரவு மொத்தமும் காசு பிசகாமல் நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். மொத்தம் ஒத்துவிட்டால் எல்லாம் ஒத்தது என்று நினைப்பதும் தவறு. ஒருவர் பாக்கி மற்றொருவர் தலையிலே ஏறியிருந்தாலும் மொத்தம் மாறாது. ஆகவே முப்பது நாற்பது கணக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, பழைய சீட்டோடு ஒவ்வொரு வரியாய் ஒப்புநோக்க வேண்டும். மாறியபின்னும் ஒரு மாத காலம் இரண்டு முறைகளையும் சேர்த்து நடத்தினால் மனத்துக்கு நிம்மதி உண்டாகும். உழைப்பு இரட்டிப்பாகும் என்பது மெய்யே. பிழையைத் திருத்தும் உழைப்போ பதின்மடங்காகும்.

இவ்வளவையும் செய்வோர் யார்? மென்பொருள் கம்பெனியார் அனுப்பும் இளைஞருக்குக் கணினி தெரியும். நம் கணக்கு தெரியாது. நம் கணக்கப்பிள்ளைக்குக் கணக்கு தெரியும். புதிய முறை தெரியாது. முப்பது வருஷம் ஒரே கடையில் இருந்த கணக்கப்பிள்ளை, எந்தப் பாக்கி வருஷந்தோறும் தை அறுவடையில் தீரும், எந்தப் பாக்கி தீராது என்பதையெல்லாம் நெஞ்சிலே எழுதி வைத்திருப்பார். புது முறை வருகிறதென்று முதலில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், ஏட்டிலில்லாத பாதிக் கணக்கு அவரோடு போய்விடும். அவரையே தலைமையில் வைத்து, கணினி கற்ற நம் பிள்ளைகளையும் பெண்களையும் அவர் பக்கத்தில் உட்காரவைத்து வேலை செய்வதே முறை. தகப்பனார் ஜீவதசையில் இருக்கும்போதே இதைச் செய்துகொள்ளுதல் உத்தமம். அவர் காலத்துக்குப்பின் ஏட்டைப் புரட்டி, செங்கத்துப் பெரியப்பா என்றெழுதியது யார் என்று தெரியாமல் திகைக்கும் குடும்பங்கள் சிலவல்ல.

வியாபாரம் இல்லாத குடும்பத்தாருக்கும் இதிலே சம்பந்தம் உண்டு. கிராமங்களிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி முறைக்குக் கொண்டுவர, மத்திய அரசாங்கம் 2022 ஜூன் மாதத்திலே ஒரு திட்டத்துக்கு அனுமதி அளித்தது. தேசமெங்குமுள்ள 63,000 சங்கங்களை ஒரே ஈ.ஆர்.பி. முறையில் இணைப்பது அதன் அப்போதைய நோக்கம். அப்பொழுது வகுத்த தொகை 2,516 கோடி ரூபாய். தமிழ்நாட்டிலே நாலாயிரத்துக்கு மேற்பட்ட சங்கங்கள் இதில் அடங்கும். நம்மவரிலே பயிர்க்கடனும் நகைக்கடனும் அங்கே வைத்திருப்போர் பலர். கணக்கு ஓரேட்டிலிருந்து மற்றோரேட்டுக்கு மாறும் காலத்திலே, தம் பெயர், ஆதார் எண், கடன் தொகை, நகையின் எடை இவை சரியாய் ஏறியிருக்கின்றனவா என்று ஒவ்வொருவரும் நேரிற் சென்று கேட்டறிந்து, பழைய ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

கடைசியாய், சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். நமது சங்கத்தின் அங்கத்தினர் ஏடும், கல்வி நிதிக் கணக்கும், சத்திரக் கணக்கும் முன்மாதிரியாக முதலிலே செவ்வை செய்யப்படவேண்டும். கணக்குப் படித்த நம் வாலிபர்களும் பெண்மணிகளும் சிலர் சேர்ந்து, மாதம் ஒரு நாள் சிறு வியாபாரிகளுக்கு இவ்வேலையிலே உதவ முன்வரவேண்டும். கடை ஏடுகளிலே உரியவர் தெரியாது நிற்கும் வரவுகளுக்கு வாரிசுகளைக் கண்டுபிடிக்க, பெரியோர்கள் அடங்கிய ஒரு சிறு குழு ஏற்படவேண்டும். மூன்றும் பெருஞ்செலவின்றி நடக்கக்கூடியவை.

யந்திரம் மாறும், மென்பொருளும் இன்னும் பத்து வருஷத்தில் மறுபடியும் மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் கணக்கு கலங்காமல் கரையேற வேண்டுமானால், அது எக்காலத்தும் செவ்வையாய் இருக்கவேண்டும். பேரேட்டிலே நம் கையால் எழுதியது இவருக்கு இவ்வளவு என்னும் வாக்குறுதி. அவ்வாக்குறுதி எந்தப் பெட்டிக்கு மாறினாலும் குறையலாகாது. அண்ணாமலையார் திருவருளால் நம்மவர் வாணிபமும் நாணயமும் ஒருங்கே ஓங்கவேண்டுமென்று பிரார்த்தித்து அமைகின்றோம்.